மைக்குக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண்

அக்காள் மகன் வீட்டு மாடியில் கணினியை வைத்து, தான் ஆடும் விளையாட்டுகளை யூடியூபில் நேரலையாகக் காட்டத் தொடங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கைப்பேசியோடு வந்து நின்றான். "மாமா, படம் தெளிவாகப் போகிறது. குரல்தான் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது என்கிறார்கள். இதை வாங்கலாமா?" என்றான். திரையில் ஒரு விளம்பரம். தங்க நிற வலை போட்ட கண்டென்சர் மைக், மேசையில் மாட்டும் கை, நுரைத் தொப்பி, வாய்க்கு முன்னால் வைக்க ஒரு வட்ட வலை, எல்லாம் ஒரே பெட்டியில்.

"வாங்குவதைப் பிறகு பார்ப்போம் மக்களே. முதலில் உன் அறையைக் காட்டு" என்றேன்.

குமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் மைக் செட் வாடகைக்கு விட்டோம். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று ஏறாத மேடை இல்லை. எல்லா மேடையிலும் ஒரே காட்சிதான். சிறப்பு விருந்தினர் நல்ல மைக்கை இரண்டு முழம் தள்ளி வைத்துக்கொண்டு பேசுவார், முன்வரிசைக்கே கேட்காது. அவர் இறங்கியதும் அறிவிப்புச் செய்யும் பையன் ஓட்டை மைக் ஒன்றை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பான்; அடுத்த ஊர் வரை கேட்கும். வீட்டு ஸ்ட்ரீமிங்குக்கும் இதே கணக்குதான். முதலில் அறை, அடுத்து தூரம், மூன்றாவதாகத்தான் மைக்கின் வகை. கடைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். அவர்களால் அறையையும் தூரத்தையும் விற்க முடியாதல்லவா?

கை தட்டிப் பார்த்தல்

மாடி அறை பத்துக்குப் பத்தடி. சிமென்ட் தரை, பூசிய சுவர், மேலே தகரக் கூரை, நடுவில் ஒரு மின்விசிறி. நின்று ஒரே ஒரு முறை கை தட்டினேன். 'டப்' என்று முடிந்திருக்க வேண்டிய சத்தத்துக்குப் பின்னால் 'ங்ங்' என்று ஒரு வால் நீண்டது. கிணற்றுக் குரலின் காரணம் அந்த வால்தான்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் நீண்ட பிரகாரத்தில் யாராவது பேசினால் சொல் முடிந்த பின்னும் கல் அதைச் சற்று நேரம் வைத்திருக்கும். கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் பாடற்குழு பாடும்போதும் அப்படித்தான். அங்கே அது அழகு. சின்ன அறையில் அதுவே கெடுதல். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. பத்தடி அறையின் நடுவிலிருந்து சுவரில் பட்டுத் திரும்பி வர ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். அவ்வளவு சீக்கிரம் திரும்பி வருவதைக் காது தனி எதிரொலியாகப் பிரித்து அறிவதில்லை; குரலோடு கலந்த கலங்கலாகவே கேட்கிறது. நேரில் பேசும்போது நம் இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து இந்தக் கலங்கலை ஓரளவு வடிகட்டிவிடும். மைக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. வந்ததையெல்லாம் வாங்கி அனுப்பிவிடும்.

மருந்து துணியும் நாரும். முட்டை அட்டையை ஒட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் முட்டையை மட்டும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அட்டையைக் குப்பையில் போடுங்கள். காரணம் இருக்கிறது. ஆண் குரலின் அடித்தளம் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 அதிர்வு, பக்கம் இருக்கும். அந்த அலையின் நீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு பெரிய அலையை விரற்கடை கனமுள்ள அட்டையோ நுரையோ என்ன செய்ய முடியும்? மெல்லிய நுரை கீச்சென்ற மேல் ஒலிகளை மட்டும் உறிஞ்சும், கீழ் ஒலிகளை விட்டுவிடும். அறை இன்னும் மந்தமாகத்தான் கேட்கும். கனம் வேண்டும். நம் மாவட்டத்தில் தென்னை நாருக்கும் ரப்பருக்கும் பஞ்சமில்லை; இரண்டும் சேர்ந்த பழைய நார் மெத்தை பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. அதை எடுத்துச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினால் காசு கொடுத்து வாங்கும் நுரைத் தகட்டைவிட நன்றாகவே வேலை செய்யும்.

எங்கே நிறுத்துவது? பலரும் மைக்குக்குப் பின்னால், திரைக்குப் பின்சுவரில் ஒட்டுகிறார்கள். மைக்கின் முகம் உங்களைப் பார்த்து இருக்கிறது. ஆகவே அது நேராகக் கேட்பது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. முதல் மெத்தை அங்கேதான் போக வேண்டும். மருமகன் முதுகுப் பக்கம் மெத்தையை நிறுத்தி, பக்கச் சுவரில் கனமான ஜமக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டு, தரையில் கயிற்றுப்பாய் விரித்தான். மறுபடி கை தட்டினேன். வால் அறுந்திருந்தது. செலவு ஏதும் இல்லை, அக்காளிடம் வாங்கிய திட்டு மட்டும்தான்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மெத்தையும் துணியும் உள்ளே எழும் சத்தம் திரும்பி வருவதைத்தான் குறைக்கும். வெளியே இருந்து வரும் சத்தத்தைத் தடுக்காது. பக்கத்து வீட்டு மிக்ஸியையும் தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கியையும் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும்தான் வேண்டும். கதவின் அடி இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வைப்பது நான் கண்ட மலிவான வழி. தகரக் கூரையில் மழை இறங்குவதற்கு மட்டும் எந்த வழியும் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழை நாளில் கீழே காங்கிரீட் அறைக்கு இடம் மாறுவது அல்லது அன்றைக்கு விடுமுறை, இரண்டில் ஒன்று.

முழம், சாண், அரைச்சாண்

தோவாளைப் பூச்சந்தையில் மொத்தக் கணக்கு கிலோவில். தெருவுக்கு வந்தால் முழத்தில். பூக்காரரின் அந்த முழங்கை அளவுதான் மைக்கைப் புரிந்துகொள்ளச் சரியான அளவுகோல் என்பேன். ஒரு முழம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். அதில் பாதி சாண். அதிலும் பாதி அரைச்சாண்.

தூரம் பாதியாகக் குறையும்போதெல்லாம் மைக்குக்கு வந்து சேரும் குரலின் அழுத்தம் இரு மடங்காகிறது. டெசிபல் கணக்கில் 6 கூடுகிறது. மேசையில், திரைக்குப் பக்கத்தில், ஒரு முழத் தூரத்தில் இருந்த மைக்கை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால் 6 டெசிபல். அரைச்சாணுக்குக் கொண்டுவந்தால் 12. மின்விசிறியின் இரைச்சலோ அறை முழுக்கப் பரவி இருப்பது. மைக்கை முழத்தில் வைத்தாலும் அரைச்சாணில் வைத்தாலும் அது ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்து சேரும். ஆக, குரல் 12 டெசிபல் ஏறிவிட்டது, இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிறகு மென்பொருளில் மைக்கின் அளவை 12 குறைத்துக்கொள்ளலாம். குரல் பழைய அளவுக்கு வந்துவிடும், இரைச்சல் அதன் பழைய அழுத்தத்தில் கால் பங்காகிவிடும். சுவரில் பட்டுத் திரும்பும் கலங்கலும் இதே கணக்கில் குறையும். ஐந்து விரலை விரித்து அளந்து செய்கிற இந்த வேலைக்கு ஈடாக ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

மேசையில் மாட்டும் கை ஒன்று வாங்கச் சொல்வது இதற்காகத்தான். அழகுக்காக அல்ல. மேசைமேல் நிற்கும் சிறிய ஸ்டாண்டில் மைக் முழத் தூரத்தில்தான் நிற்கும். விசைப்பலகையைத் தட்டும் அதிர்வும் மேசை வழியாக அதில் ஏறும்.

நெருங்கினால் தொல்லைகளும் உண்டு. 'ப' என்று தொடங்கும் சொற்களில் வாயிலிருந்து காற்று வெடித்து மைக்கில் மோதும். நம் தமிழ்ப் பகரம் மூச்சில்லாத மென்மையான பகரம்தான். ஆனால் எல்லையோர ஊர்க்காரர்களான நாம் மலையாளச் சொற்களை அவற்றின் மூச்சோடேயே சொல்லிவிடுவோம். விளையாட்டின் வேகத்தில் கத்தும்போது கேட்கவே வேண்டாம். வட்ட வலை அல்லது நுரைத் தொப்பி பாதி தீர்க்கும். மீதியைத் தீர்க்க, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் வாயின் ஓரத்தில் சாய்த்து வைத்து உதட்டை நோக்கித் திருப்பிவிட்டால் போதும். காற்று நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். இன்னொன்று, ஒரு திசையை நோக்கிக் கேட்கும் மைக்குகளில் மிக நெருங்கினால் கீழ் ஒலி தடித்துவிடும். வானொலி அறிவிப்பாளர் குரல் போல் இருக்கிறதே என்று சிலருக்கு அது பிடிக்கும். பிடிக்காவிட்டால் இரண்டு விரல் பின்னால் போகலாம்.

எந்தத் திசை

பெரும்பாலான பேச்சு மைக்குகள் முன்னால் வருவதை நன்றாகவும் பின்னால் வருவதை மிகக் குறைவாகவும் கேட்கும். கேட்கும் பரப்பை வரைந்தால் இதய வடிவம் வரும் என்பதால் இதற்குக் கார்டியாய்டு என்று பெயர். பெட்டியில் இந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். நாலாபக்கமும் கேட்கும் ஆம்னி வகை வேண்டாம். ஒரே மைக்கில் நாலு வகையும் மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பார்கள். தனியாக அமர்ந்து விளையாடுகிறவருக்குக் கார்டியாய்டு தவிர மற்ற மூன்றும் தேவைப்படாது.

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீம் செய்யுங்கள் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சிலர் சொல்வார்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அது நடக்கிற காரியமா? விசிறி ஓடட்டும். மைக்கின் முதுகு எங்கே பார்க்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மேசையில் கீழே இருந்து வாயை அண்ணாந்து பார்க்கும் மைக், வாய்க்குப் பின்னால் கூரையில் சுழலும் விசிறியையும் சேர்த்தே பார்க்கிறது. அதே மைக்கை நெற்றிக்கு முன்னால் மேலிருந்து கீழாக வாயைப் பார்க்கும்படி தொங்கவிட்டால் அதன் முதுகு விசிறியைப் பார்க்கும். மருமகனின் அறையில் இந்த ஒரு மாற்றத்திலேயே இரைச்சல் தெளிவாகக் குறைந்தது. இப்போது விசைப்பலகை மைக்கின் முன்பக்கம் வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தட்டும் சத்தம் விட்டுவிட்டு வருவது. பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டின் ஒரு பகுதியாகவே தோன்றும். இடைவிடாத விசிறி இரைச்சலுக்கு அந்தச் சலுகை கிடையாது. விசிறிக் காற்று நேராக மைக்கில் படுமென்றால் நுரைத் தொப்பியைக் கழற்றவே கூடாது.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். சில மைக்குகளுக்கு முகம் உச்சியில் இருக்கும், மேடையில் கையில் பிடிக்கும் மைக்குபோல. வேறு சிலவற்றுக்கு முகம் பக்கவாட்டில், நிறுவனத்தின் சின்னம் இருக்கும் பக்கம். பக்கவாட்டு மைக்கின் உச்சந்தலையில் பேசிக்கொண்டு "இது சரியில்லை" என்று திருப்பி அனுப்பியவரை எனக்குத் தெரியும்.

டைனமிக்கும் கண்டென்சரும்

குழாய் ஒலிபெருக்கியின் யூனிட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு டைனமிக் மைக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. காந்தம், கம்பிச்சுருள், ஒரு மெல்லிய தகடு. ஒலிபெருக்கியில் மின்சாரம் சுருளை அசைக்கிறது, தகடு காற்றை அசைக்கிறது. மைக்கில் அப்படியே எதிர்ப்பக்கமாக நடக்கிறது: காற்று தகட்டை அசைக்க, சுருள் காந்தத்துக்குள் அசைந்து மின்சாரம் தருகிறது. முரடான பொருள். 1966 முதல் மேடைகளில் உலவும் ஷூர் எஸ்எம்58 இந்த வகைதான்.

கண்டென்சரில் சுருள் இல்லை. மிக மெல்லிய படலம் ஒன்றும் அசையாத தகடு ஒன்றும் எதிரெதிரே இருக்கும். படலம் அசையும்போது இரண்டுக்கும் இடையே உள்ள மின்தேக்கத் திறன் மாறுகிறது. அந்த மாற்றமே ஒலியாகிறது. இதற்கு மின்சாரம் வேண்டும். எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் முனையுள்ள கேபிளில் இணையும் கண்டென்சர்களுக்கு வழக்கமாக 48 வோல்ட் அதே கேபிள் வழியாகவே போகும். அதற்கு ஃபாண்டம் பவர் என்று பெயர். 1962ல் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட்டும் கெர்ஹார்ட் செஸ்லரும் நிலையான மின்னூட்டம் கொண்ட படலத்தை வைத்து எலெக்ட்ரெட் என்ற மலிவான கண்டென்சரை உருவாக்கினார்கள். ஹெட்செட்டின் வாய்முனையிலும் காலர் மைக்கிலும் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

மருமகன் காட்டிய விளம்பரத்தின் குறை இங்கே வருகிறது. அந்த மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும் என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. பெட்டியோடு கொடுக்கிற கேபிளோ கணினியின் சின்ன மைக் துளையில் சொருகுவது. அந்தத் துளை சில வோல்ட் மட்டுமே தரும். மைக் வேலை செய்யும், ஆனால் சோனியாக, இரைச்சலோடு. பெட்டியில் எத்தனை பொருள் இருக்கிறது என்று எண்ணுவதற்கு முன் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

இனி ஒரு பரவலான நம்பிக்கை. 'டைனமிக் மைக் சுற்றுச் சத்தத்தை எடுக்காது, கண்டென்சர் எல்லாவற்றையும் எடுத்துவிடும்' என்பார்கள். பாதி உண்மை. இரண்டும் கார்டியாய்டாக இருந்து, இரண்டையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவில் கேட்கும்படி திருகினால், விசிறிச் சத்தத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. டைனமிக் மந்தமான காதுடையது என்பதால் நெருங்கிப் பேசினால்தான் கேட்கும். நெருங்கிப் பேசுவதால்தான் சுற்றுச் சத்தம் குறைகிறது. கண்டென்சர் கூர்மையான காதுடையது என்பதால் முழத் தூரத்தில் வைத்தாலும் கேட்கும், அங்கேயே வைத்துவிடுகிறோம், விசிறியும் சேர்ந்து வருகிறது. பழியைத் தூக்கி மைக்கின் மேல் போடுகிறோம்.

அப்படியானால் எது? நம் ஊர் வீடுகளுக்கு நான் டைனமிக் பக்கம்தான் சாய்வேன். நெருங்கிப் பேசும் பழக்கத்தை அது கட்டாயப்படுத்திக் கற்றுக்கொடுக்கும். ஈரக்காற்றையும் கீழே விழுவதையும் தாங்கும். மெத்தை, அலமாரி, துணிமணி நிறைந்த அமைதியான படுக்கையறை வாய்த்தவர்கள் கண்டென்சர் வாங்கலாம். குரலின் நுணுக்கம் அதில் கூடுதலாகத்தான் வரும்.

கேபிள்

யுஎஸ்பி மைக்கின் வயிற்றுக்குள்ளேயே குரலைப் பெருக்கும் கருவியும் அதை எண்களாக மாற்றும் கருவியும் இருக்கின்றன. கணினியில் சொருகினால் முடிந்தது. எக்ஸ்எல்ஆர் மைக்கில் இவை இல்லை; ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற தனிப்பெட்டி வாங்க வேண்டும். முதல் மைக் யுஎஸ்பியாகவே இருக்கட்டும். இரண்டு துளையும் உள்ள மைக்குகள் இப்போது கிடைக்கின்றன. பணம் ஒத்துவந்தால் அதுவே புத்திசாலித்தனம். நாளைக்கு இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் மைக்கை மாற்ற வேண்டாம்.

புகழ்பெற்ற யூடியூபர்கள் முகத்துக்கு முன்னால் தொங்கும் ஷூர் எஸ்எம்7பி-யைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். அதன் வெளியீடு மிக மெல்லியது. அதைத் தூக்கி நிறுத்த 60 டெசிபல் அளவுக்குப் பெருக்கம் வேண்டும். மலிவான இன்டர்ஃபேஸ்களில் அந்த எல்லைக்குத் திருகினால் குரலைவிட இரைச்சல்தான் முதலில் வரும்.

பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் மயங்க வேண்டாம். நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை குரலை அளந்து எண்ணாக்குகிறது என்பதே அந்த எண்; அதில் பாதி வரையுள்ள ஒலி அதில் அடங்கும். 48 கிலோஹெர்ட்ஸிலேயே 24,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலி அடங்கிவிடும். மனிதக் காது இளமையில் கேட்பதே ஏறக்குறைய 20,000 வரைதான். மைக், விண்டோஸ், ஸ்ட்ரீமிங் மென்பொருள் மூன்றிலும் 48 என்று ஒரே எண்ணை வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

காதுக்கு

ஸ்பீக்கரில் விளையாட்டைக் கேட்டுக்கொண்டே மைக்கில் பேசினால், விளையாட்டுச் சத்தம் மைக்குக்குள்ளும் புகுந்து நேரலையில் இரண்டு முறை கேட்கும். மேடையில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதன் தம்பி இது. அதனால் ஹெட்போன் கட்டாயம். காதுப் பகுதியின் வெளிப்புறம் அடைத்த வகையாக இருப்பது நல்லது. திறந்த வகையில் உள்ளே ஓடும் சத்தம் வெளியே கசிந்து, நெருங்கி நிற்கும் மைக்கில் ஏறும். நம் வெக்கையில் ரெக்சின் உறை காதில் ஒட்டிப் பிசுபிசுக்கும்; துணி உறை போட்டது கிடைத்தால் அதை எடுங்கள். கம்பியுள்ள நல்ல இயர்போன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஹெட்போனுக்கு என்று ஒதுக்கிய பணத்தையும் மைக்கில் போட்டுவிடலாம்.

ப்ளூடூத் மட்டும் வேண்டாம். துப்பாக்கிச் சத்தம் பின்தங்கிக் கேட்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கைத் திறந்தவுடன் அது பொதுவாகப் பாட்டுக் கேட்கும் நிலையிலிருந்து தொலைபேசி நிலைக்கு மாறிவிடும். விளையாட்டுச் சத்தமும் உங்கள் குரலும் ஒரு நொடியில் பழைய தொலைபேசி உரையாடல் போல் சப்பையாகிவிடும். பழுது என்று நினைத்துப் பலர் கடைக்கு ஓடுகிறார்கள். அதன் இயல்பே அதுதான்.

சுற்றிலும் இருந்து சத்தம் வரும் என்று சொல்லி '7.1' என்று அச்சிட்ட ஹெட்செட்களில் பெரும்பாலும் காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான் இருக்கும். சுற்றி வருவதுபோல் தோன்றச் செய்வது மென்பொருள். விண்டோஸ் 10 முதல் அப்படி ஒரு வசதி இலவசமாகவே உள்ளே இருக்கிறது. சத்தத்தின் அளவைப் பற்றி ஒரு வரி: வாரம் 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலே எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கைப்பேசியிலேயே பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடி அங்கிருந்தே ஸ்ட்ரீம் செய்கிற பிள்ளைகள்தான் நம் பக்கம் அதிகம். அவர்களுக்குக் கம்பியுள்ள இயர்போனின் மைக் அல்லது சட்டையில் குத்தும் காலர் மைக்கே தொடக்கத்துக்குப் போதும். ஆண்ட்ராய்டு 10 முதல் விளையாட்டின் உள் ஒலியை நேரடியாக எடுக்கலாம். ஆனால் கூட்டாளிகள் பேசும் குரல் அழைப்பு வகையில் சேர்வதால் அந்த வழியில் வராது. நீங்கள் பதில் சொல்வது மட்டும் நேரலையில் கேட்கும். தனக்குத்தானே பேசுகிறான் போலிருக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஓபிஎஸ்ஸில் நாலு திருகு

கணினியில் பெரும்பாலோர் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒலி அளவியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகள் உண்டு. பூஜ்யம் உச்சி; அதற்கு மேல் குரல் கிழியும். சாதாரணமாகப் பேசும்போது மஞ்சளில், அதாவது -20க்கும் -9க்கும் இடையே ஆடினால் சரி. கத்தும் பழக்கம் உள்ளவர்கள் கத்திப் பார்த்து அளவு வையுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு அளவியைப் பாருங்கள். அறையின் இரைச்சல் -50க்குக் கீழே கிடந்தால் நிம்மதி. -30 பக்கம் ஆடினால் மறுபடி மெத்தைக்கும் சாணுக்கும் போக வேண்டியதுதான்.

மீதி இரைச்சலுக்கு 'நாய்ஸ் சப்ரெஷன்' வடிகட்டி. விசிறி போன்ற சீரான சத்தத்தை நன்றாகவே துடைக்கும். அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகும். அடுத்தது 'நாய்ஸ் கேட்'. குரல் ஒரு அளவுக்குக் கீழே போனால் கதவை மூடிவிடும் காவலாளி அது. ஆங்கிலக் காணொளியைப் பார்த்து அப்படியே எண்களைப் போட்டால் தமிழுக்கு ஒரு சிக்கல் வரும். 'வந்து', 'பாட்டு', 'எனக்கு' என்று நம் சொற்களில் எத்தனையோ குற்றியலுகரத்தில் முடிகின்றன. இலக்கணத்தில் அதற்கு அரை மாத்திரை, கண் இமைக்கும் நேரத்தில் பாதி. அந்த மெல்லிய 'உ' வருவதற்குள் காவலாளி கதவைச் சாத்திவிடுவான். 'வந்த்', 'பாட்ட்' என்று கேட்கும். கதவு திறந்தே நிற்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டினால் சரியாகும். நான் இந்த 'நாய்ஸ் கேட்'டைப் பயன்படுத்தச் சொல்வதே இல்லை. அதற்குப் பதிலாக, கத்தலையும் முணுமுணுப்பையும் சமப்படுத்தும் கம்ப்ரெஸரையும், உச்சியில் தடுப்பாக ஒரு லிமிட்டரையும் இந்த வரிசையிலேயே வையுங்கள்.

குரலுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முழக்கம் நிற்காமல் வந்தால் மைக்கைக் குறை சொல்லும் முன் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவது. அந்த 50 ஹெர்ட்ஸ்தான் முழங்குகிறது. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். முழக்கம் நின்றுவிட்டால் பெரும்பாலும் எர்த் கோளாறுதான். எல்லாக் கருவிகளையும் எர்த் உள்ள ஒரே பலகையில் சொருகிப் பாருங்கள், தீராவிட்டால் எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். மூன்றாவது பின்னை முறித்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அது உயிருக்கு ஆபத்து. மின்வெட்டின்போது மட்டும் சத்தம் வந்தால் காரணம் இன்வெர்ட்டர். சைன் அலை தராத மலிவான இன்வெர்ட்டரில் விசிறியே உறுமும்; மைக்குக்கும் அந்த உறுமல் போகும்.

மருமகன் கடைசியில் வாங்கியது யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் உள்ள ஒரு டைனமிக் மைக்கும் மேசைக் கையும் மட்டும். ஹெட்போன் பழையதுதான். மைக் மேலிருந்து தொங்குகிறது, உதட்டிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவாக. தூரம் மாறிவிடக் கூடாது என்று கையின் மூட்டில் சிவப்பு டேப் ஒன்று ஒட்டி வைத்திருக்கிறான்.

குளச்சல், முட்டம், கடியபட்டினம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று. உப்புக்காற்று கேபிள் முனைகளைப் பச்சை பூக்க வைக்கும். கண்டென்சரின் படலத்தில் ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும் சத்தம் வரும். ஆடி முடித்ததும் மைக்கைக் கழற்றி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு வையுங்கள். புதிய செருப்புப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் வருகிற அதே பொட்டலம்தான். கைப்பேசி நனைந்தால் அரிசிக்குள் புதைப்பார்களே, அந்த வைத்தியத்தை மட்டும் இதற்குச் செய்ய வேண்டாம். அரிசித் தவிடு வலைக்குள் புகுந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது.